நான்காவது ஆள்: ஒரு நாடு போட்ட கணக்கு

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. பிரிட்டனில் சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர் பிபிசி ஒன் சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாட்டு மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர். 2012 முதல் ஆறு சீசன்களாக வந்த 'லைன் ஆஃப் டியூட்டி' தொடரில், போலீஸ் சீருடைக்குள் இருந்துகொண்டே திட்டமிட்டுக் குற்றம் செய்யும் கும்பலுக்கு வேலை பார்க்கும் 'எச்' யார்? பெயர் வந்தது. "இவனா?" என்று கேட்காதவர்கள் குறைவு.

தொடரை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. இதற்குக் கீழே எதையும் மூடிவைத்துப் பேச முடியாது.

அந்த ஏமாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், எழுதியவர் ஜெட் மெர்கூரியோ கடைசியில் கோட்டைவிட்டுவிட்டார் என்பது. ரசிகர்கள் அளவுக்கு மீறிக் கற்பனை செய்துகொண்டார்கள் என்று மறுபக்கம் சொல்வார்கள். இரண்டுமே அரைகுறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரசிகர்கள் துப்பறிந்த முறை அந்தத் தொடரே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை. தொடர் கொடுத்த விடையும் தப்பில்லை. கேட்டது 'யார்' என்ற கேள்வியை, பதில் வந்தது 'எப்படி' என்ற கேள்விக்கு. சிக்கல் அங்கேதான்.

முதலில் கதை. ஏசி-12 என்பது போலீஸ்காரர்களையே விசாரிக்கும் ஊழல் ஒழிப்புப் பிரிவு. கதை நடக்கும் ஊருக்குப் பெயர் கிடையாது. முதல் சீசனை பர்மிங்ஹாமிலும் மற்றவற்றை பெல்ஃபாஸ்ட்டிலும் படம்பிடித்தார்கள். பிரிவின் தலைவர் டெட் ஹேஸ்டிங்ஸ் (அட்ரியன் டன்பார்), களத்தில் ஸ்டீவ் ஆர்னட் (மார்ட்டின் காம்ப்ஸ்டன்), கேட் ஃப்ளெமிங் (விக்கி மெக்லூர்). ஒவ்வொரு சீசனிலும் ஒரு புது அதிகாரி சந்தேகத்தின் பேரில் மாட்டுவார். அவரை நோண்ட நோண்ட, பழைய சீசன்களில் புதைந்துபோன ஏதோ ஒன்று மேலே வரும். மொத்தம் 36 எபிசோடுகள்.

பார்ப்பவர்களை முதலில் பழக்கியது மரணம்தான். இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில் ஜெசிக்கா ரெய்ன் நடித்த புது அதிகாரி ஏசி-12-இல் சேருகிறார். அப்போது அவர் பிரிட்டிஷ் டிவியில் நன்றாக அறியப்பட்ட முகம். இவர் சீசன் முழுக்க வருவார் என்று யாரும் நினைப்பார்கள். அந்த எபிசோடு முடிவதற்குள் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அவரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து யாருடைய நட்சத்திர மதிப்பும் அவருக்குக் காப்பு இல்லை என்பது பார்ப்பவர்கள் மனதில் பதிந்துவிட்டது. இந்தப் பாடத்தை ஆறாம் சீசனில் அவர்களே மறந்தது தனிக்கதை. அதற்கு வருகிறேன்.

அடுத்த பயிற்சி, விசாரணை அறை. கண்ணாடிச் சுவர், நீளமான மேசை, ஒலிப்பதிவுக் கருவி போடும் அந்த முடிவில்லாத 'பீப்'. பிறகு இருபது நிமிடத்தைத் தாண்டியும் ஓடும் கேள்வி பதில். தன்னைவிட ஒரு பதவியாவது மூத்தவர்தான் தன்னைக் கேள்வி கேட்கலாம் என்று சந்தேக நபர் விதியை எடுத்து நீட்டுவார். கோப்பில் இத்தனையாவது ஆவணத்தைப் பாருங்கள் என்பார்கள். திரையில் ஒரு புகைப்படம், ஒரு போன் பதிவு, ஒரு அறிக்கையின் பக்கம் வரும். துரத்தலும் துப்பாக்கிச் சூடும் இருந்தாலும் தொடரின் உச்சக்கட்டங்கள் எல்லாம் காகிதத்தின் மேல்தான் நடந்தன. அப்படி இருக்கும்போது பார்ப்பவர் என்ன செய்வார்? அவரும் படத்தை நிறுத்தி அந்தக் காகிதத்தைப் படித்தார், தேதிகளைக் கூட்டிக் கழித்தார், நாலு வருடத்துக்கு முந்தைய எபிசோடுக்குப் போய் ஒருவர் எங்கே நின்றார் என்று பார்த்தார். ஏசி-12 செய்ததை வீட்டு சோஃபாவில் இருந்தபடி செய்தார். அவ்வளவுதான்.

இந்த உழைப்புக்குக் கூலியும் கிடைத்தது. முதல் சீசனில் கும்பலுக்கு எடுபிடியாகச் சைக்கிளில் சுற்றும் ரயன் பில்கிங்டன் என்ற சிறுவன் வருவான். கட்டிப்போட்ட ஆர்னட்டின் விரலை வெட்டப் போகிறவர்களில் அவனும் ஒருவன். ஐந்தாம் சீசனில் வளர்ந்த இளைஞனாகத் திரும்பி வந்து, சீசன் முடியும்போது போலீஸ் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறான். ஆறாம் சீசனில் சீருடையோடு நிற்கிறான். சிறுவனாக நடித்த கிரெகரி பைப்பர்தான் பெரியவனாகவும் நடித்தார். அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தவர்களுக்கு, கதையில் உள்ள போலீஸ்காரர்களுக்கே தெரியாத ஒன்று தெரிந்துவிட்டது. இப்படி ஒரு தடவை பலன் கிடைத்துவிட்டால் அடுத்த தடவை பின்னணியில் டீ கொண்டுவருபவரையும் சந்தேகப்படத் தோன்றும்.

ஆனால் இடையில் தொடர் தன் ஜாதகத்தையே மாற்றிக்கொண்டது. இதைப் பலர் கவனிக்கவில்லை. முதல் மூன்று சீசன்களில் உள்ளே இருக்கும் கறுப்பு ஆடு 'கேடி' என்ற பெயரில் அறியப்பட்ட டாட் காட்டன். இது நமக்கு முதல் சீசன் கடைசியிலேயே தெரியும், ஏசி-12-க்குத்தான் தெரியாது. காட்டன் அந்தப் பிரிவுக்குள்ளேயே வேலைக்கு வந்து, தன்னைத் தேடும் விசாரணையில் தானே உட்கார்ந்து, பழியை ஆர்னட் தலையில் கட்டப் பார்க்கும்போது, பார்ப்பவருக்குப் பதறும். விஷயம் தெரிந்தவரின் பதற்றம் அது. மூன்றாம் சீசன் முடிவில் கேட் ஃப்ளெமிங் மேல் பாய வேண்டிய குண்டைத் தன் மேல் வாங்கி காட்டன் சாகிறார். நாலாவது சீசனில் அவருடைய மரண வாக்குமூல வீடியோவைப் பார்க்கிறோம். பேச்சு வராத நிலை. எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, 'எச்' என்றதும் அசைகிறார். அந்த நொடியில் நாமும் ஏசி-12-யும் ஒரே இருட்டில் நிற்க ஆரம்பித்தோம். பதற்றக் கதை புதிர்க் கதையாயிற்று. இந்த எச்சை மெர்கூரியோ 2012-லேயே மனதில் வைத்திருந்தார் என்று நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது. முதல் சீசனில் அப்படி ஒரு எழுத்துக்குத் தடமே இல்லை.

எச் என்றால் ஹேஸ்டிங்ஸ். முதல் சந்தேகம் அவர் மேல் விழுந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? தொடரும் அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தது. நிலத்தில் பணம் போட்டு நொடித்தவர், மனைவியைப் பிரிந்து ஓட்டலில் தங்கியிருப்பவர், ஃப்ரீமேசன் சங்கத்துக்காரர், முன்னாள் சகா ஒருவர் கொடுத்த கனமான உறையை வாங்கி வைத்தவர், தன் லேப்டாப்பை யாருக்கும் தெரியாமல் அழித்தவர். ஐந்தாம் சீசனில் அவரையே அந்தக் கண்ணாடி அறையில் எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார்கள். அதற்கு நடுவில் அந்த எழுத்துப்பிழை. மர்ம மேலிடம் கும்பலுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளில் 'டெஃபினிட்லி' என்ற ஆங்கிலச் சொல் தப்பான எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஹேஸ்டிங்ஸ் எச் போல நடித்துக் கும்பலோடு பேசும்போது அதே பிழையைச் செய்தார். பழைய செய்திகளைப் பார்த்து வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன் என்றார். நம்பியவர்கள் நம்பினார்கள்.

அந்த சீசனின் கடைசியில் ஒரு திருப்பம். வாக்குமூல வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்கும்போது காட்டனின் இடது கை கண்ணில் படுகிறது. விரல் நாலு தடவை தட்டுகிறது. மோர்ஸ் குறியீட்டில் நாலு புள்ளி என்றால் எச். அப்படியானால் எச் ஒருவருடைய பெயரின் முதல் எழுத்து இல்லை, நாலு பேர். அதில் காட்டன், போலீஸ் உயர் அதிகாரி டெரெக் ஹில்டன், போலீஸின் சட்ட ஆலோசகர் ஜில் பிகெலோ மூவரும் தெரிந்துவிட்டார்கள். மிச்சம் ஒருவர். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட விளக்கம்தான், ஆனால் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல சூத்திரம் கிடையாது. 'நான்காவது ஆள் யார்' என்று இரண்டு வருடம் கேட்க வைத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் கொரோனா வேறு வந்தது. ஆறாம் சீசன் படப்பிடிப்பு 2020 மார்ச்சில் நின்றது. செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கியது. 2021 மார்ச் 21 அன்று ஒளிபரப்பு ஆரம்பித்தபோது மக்கள் இன்னும் வெளியே போக முடியாமல் இருந்தார்கள். ஒரே மூச்சில் எல்லா எபிசோடையும் கொட்டிவிடும் காலத்தில், இது வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு இரவு மட்டும். நடுவில் ஆறு நாள், பேசுவதற்கு வேறு விஷயம் கிடையாது. இத்தனை யூகங்கள் விளைந்ததற்கு எழுத்தின் சாமர்த்தியம் பாதி, இந்தக் கால அட்டவணை பாதி.

பட்டியலில் யார் யார் இருந்தார்கள்? ஹேஸ்டிங்ஸ் அசையாமல் இருந்தார். முதல் சீசன் முதல் காட்சியில், வீடு மாறிப் புகுந்து ஒரு அப்பாவியைச் சுட்டுக்கொன்றதை மூடி மறைக்கச் சொன்ன ஃபிலிப் ஆஸ்போர்ன் இப்போது தலைமைக் காவல் அதிகாரி. அவர் ஏன் இருக்கக் கூடாது? பேனாவைச் சொடுக்கிச் சொடுக்கியே எதிராளியின் உயிரை வாங்கும் பெண் உயர் அதிகாரி கார்மைக்கேல்? சிலர் கேட் ஃப்ளெமிங்கையும் விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மார்கஸ் தர்வெல் விவகாரம். பழைய வழக்கு ஒன்றைச் சொதப்பிவிட்டு ஓய்வுபெற்று ஸ்பெயினில் வாழும் அதிகாரி. ஐந்தாவது எபிசோடில் அவருடைய புகைப்படத்தைத் திரையில் காட்டுகிறார்கள். படத்தில் இருப்பது ஜேம்ஸ் நெஸ்பிட். வடக்கு அயர்லாந்தின் பெரிய நடிகர். தீர்ந்தது, இவர்தான் நான்காவது ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு புகைப்படத்துக்காக மட்டும் இவ்வளவு பெரிய நடிகரை யாராவது கூப்பிடுவார்களா? அடுத்த வாரம் ஸ்பெயின் போலீஸ் அந்த வீட்டுக் கதவை உடைத்துப் போகிறது. உள்ளே தர்வெலும் மனைவியும் செத்துப் பல நாள் ஆகியிருக்கிறது. நெஸ்பிட் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நடிகரின் அந்தஸ்தை வைத்து வில்லனைக் கண்டுபிடிக்கும் பழக்கத்துக்கு இதைவிடச் சுத்தமாக ஒரு குட்டு வைத்துப் பார்த்ததில்லை. இரண்டாம் சீசன் ஜன்னல் ஞாபகம் இருந்தவர்கள் இதில் மாட்டியிருக்க மாட்டார்கள்.

கடைசி எபிசோடுக்கு வருவோம். நான்காவது ஆளைச் சிறையிலிருந்து அழைத்து வருகிறார்கள். நடக்கும் கால், விலங்கு மாட்டிய கை, நடைபாதை, லிஃப்ட் என்று துண்டு துண்டாகக் காட்டுகிறது கேமரா. முகம் தெரிகிறது: இயன் பக்கெல்ஸ். நைஜல் பாயில் நடித்த, முதல் சீசனிலிருந்தே அவ்வப்போது தலைகாட்டிய ஆள். வேலையில் மந்தம், எதைச் செய்தாலும் அரைகுறை, ஆனாலும் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு பதவி உயர்ந்திருப்பார். அந்த எழுத்துப்பிழை அவருடைய அறிக்கைகளில் இருந்தது. அவர் மூளையும் இல்லை, தலைவரும் இல்லை; பணத்துக்காகச் செய்தி கடத்தியவர். பெரிய தலைகள் போனபின் அந்த இடம் காலியாக இருந்தது, இவர் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருடமும் அவருடைய ஊழலை எல்லோரும் கையாலாகாத்தனம் என்று நினைத்துவிட்டார்கள் என்பதுதான் அந்த விசாரணைக் காட்சியின் சாரம்.

யூகித்தவர்கள் சிலரின் பட்டியலில் பக்கெல்ஸ் இருந்தார். சீசனின் நடுவில் அவரைக் கைது செய்ததும் அடித்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் மாட்டுபவர் எப்படி எச்சாக இருக்க முடியும்? இங்கே ரசிகத் துப்பறிதலின் பெரிய பலவீனம் தெரிகிறது. துப்பறிபவர் நடக்க அதிக வாய்ப்புள்ளதைத் தேட வேண்டும். ரசிகர் கேட்க அதிக ருசியுள்ளதைத் தேடுகிறார். மந்தமான ஒருவர்தான் குற்றவாளி என்பதில் ருசி இல்லை.

மெர்கூரியோ ருசி இல்லாத விடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தொடருக்குள்ளேயே இருக்கிறது. எழுத வருவதற்கு முன் அவர் ஆஸ்பத்திரி டாக்டர். அமைப்புகள் தங்கள் தப்பை எப்படி மறைக்கின்றன என்பதை மருத்துவத் தொடர்களிலும் எழுதியவர். 'லைன் ஆஃப் டியூட்டி' ஆரம்பிப்பதே தப்பான வீட்டில் நடந்த கொலையை மறைப்பதில். 2005 ஜூலை 22 அன்று லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில் ஜான் சார்லஸ் டி மெனசஸ் என்ற பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியனைத் தீவிரவாதி என்று நினைத்து போலீஸ் சுட்டுக்கொன்றதை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. ஆறாம் சீசனில் போலீஸ் ஊழலைத் தோண்டிய பெண் பத்திரிகையாளர் சுட்டுக்கொல்லப்படுகிறார். தர்வெல் சொதப்பிய பழைய வழக்கு, வெள்ளை இளைஞர்களால் தாக்கப்பட்டு போலீஸ் காவலில் இறந்த லாரன்ஸ் கிறிஸ்டஃபர் என்ற கறுப்பின இளைஞருடையது. அந்தப் பெயரே 1993-இல் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸையும், 1998-இல் காவலில் இறந்த கிறிஸ்டஃபர் ஆல்டரையும் சேர்த்து வைத்தது போல இருக்கிறது. அந்த வழக்கைப் பார்த்த குழுவில் பக்கெல்ஸும் இருந்தார்.

தொடர் முடிந்து ஆறு வாரம் கழித்து, 2021 ஜூன் 15 அன்று, நிஜத்தில் ஒரு அறிக்கை வந்தது. டேனியல் மோர்கன் என்ற தனியார் துப்பறிவாளர் 1987 மார்ச் 10 அன்று தென்கிழக்கு லண்டனில் ஒரு மதுக்கடையின் கார் நிறுத்தத்தில் கோடாலியால் வெட்டிக் கொல்லப்பட்டார். பல முறை விசாரித்தும் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. பரோனஸ் நுவாலா ஓ'லோன் தலைமையிலான சுயேச்சைக் குழு, லண்டன் பெருநகரப் போலீஸ் தன் நற்பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன் தவறுகளை மறைத்தது, மறுத்தது, இதுவும் ஒரு வகை அமைப்பு ரீதியான ஊழல்தான் என்று எழுதியது. போலீஸ் தலைமை அந்த முடிவை ஏற்கவில்லை. அறிக்கையைப் படித்தால் மர்மமான மேலிடம் எதுவும் கிடையாது. அசட்டை, வேண்டப்பட்டவரைக் காப்பாற்றுவது, கோப்பு காணாமல் போவது, பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். பக்கெல்ஸ் மாதிரியான ஆட்கள் செழித்து வளரும் மண் அதுதான். தொடரின் கடைசி எழுத்து அட்டையும், பொதுப் பதவியில் நடக்கும் முறைகேட்டைத் தடுக்க ஏசி-12-க்கு இவ்வளவு குறைவான அதிகாரம் எப்போதும் இருந்ததில்லை என்று சொல்லி முடிந்தது.

அப்படியானால் பார்த்தவர்கள் கோபப்பட்டது நியாயமில்லையா? நியாயம்தான். சொல்ல வந்த விஷயமும் சொன்ன விதமும் ஒன்றோடொன்று மோதின. 'பெரிய தலை என்று யாரும் இல்லை' என்று சொல்லப்போகிறவர், பெரிய தலையின் முகமூடியைக் கழற்றுவது போலக் காட்சி வைத்தது ஏன்? கால், கை, நடைபாதை என்று கேமரா ஏற்றிய எதிர்பார்ப்பு ரசிகர்களின் தலைக்குள் தானாக முளைத்ததில்லை. ஏசி-12 ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பழைய அறிக்கைகளைப் புரட்டும்போது அந்த எழுத்துப்பிழையில் தடுக்கி விழுந்திருந்தால், பக்கெல்ஸ் எவ்வளவோ பயங்கரமாக இருந்திருப்பார். மெர்கூரியோ பிறகு, இந்த முடிவு எல்லோருக்கும் பிடிக்காது என்று தெரிந்தேதான் எடுத்ததாகச் சொன்னார். தெரிந்தவர் காட்சியை வேறு மாதிரி அமைத்திருக்கலாம்.

இந்த மோதல் பிரிட்டனுக்கு மட்டும் சொந்தமில்லை. 1990-இல் அமெரிக்காவில் 'ட்வின் பீக்ஸ்' தொடரில் லாரா பால்மரைக் கொன்றது யார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சேனல் நெருக்கியது. இயக்குநர் டேவிட் லிஞ்சுக்கு அதைச் சொல்லும் எண்ணமே இருந்ததில்லை. இரண்டாம் சீசனின் நடுவில் சொன்னார்கள். பார்ப்பவர்கள் கலைந்தார்கள், அடுத்த வருடமே தொடர் நின்றது. 'பிரேக்கிங் பேட்' இதற்கு நேர் எதிர். 2012-இல் கடைசி சீசனின் தொடக்கக் காட்சியில் நாயகன் ஒரு இயந்திரத் துப்பாக்கியை வாங்குகிறான். யாரைச் சுட என்று ஊரே ஒரு வருடம் யோசித்தது. அந்தக் காட்சியை எழுதியபோது தங்களுக்கே அது தெரியாது என்று வின்ஸ் கில்லிகன் பின்னால் ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் எழுத்தாளரின் திட்டத்தை யூகிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, எழுத்தாளர் அறையிலும் அதே யூகம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த முடிவு 2013-இல் பலருக்கும் நிறைவாக இருந்தது. கேள்வி 'யார்' என்பதாக இல்லாமல் 'இவன் என்ன ஆவான்' என்பதாக இருந்ததுதான் காரணம் என்பேன். அந்தக் கேள்விக்குப் பல நல்ல விடைகள் உண்டு. 'யார்' என்பதற்கு ஒரே விடைதான், அதை யாராவது முன்பே சொல்லியிருப்பார்கள்.

2025 நவம்பரில் பிபிசி ஏழாவது சீசனை அறிவித்தது. மூன்று நாயகர்களும் திரும்புகிறார்கள். கதையில் ஏசி-12 கலைக்கப்பட்டு வேறு பெயரில் இயங்குகிறது. இனி பட்டியல்கள் மறுபடி தயாராகும், முதலிடத்தில் ஆஸ்போர்ன் இருப்பார் என்று பந்தயமே கட்டலாம். அவரை ஐந்தாவது ஆளாக்கிக் காட்டினால் கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். நான் அதை விரும்பவில்லை. கும்பலிடம் ஒரு காசு வாங்காமல், யாருக்கும் ரகசியச் செய்தி அனுப்பாமல், 2012-இல் ஒரு பொய் அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்ன மனிதர் முறைப்படி பதவி உயர்ந்து உச்சிக்கே வந்தார் என்பதுதான் பக்கெல்ஸைவிட மோசமான செய்தி. அதற்கு முகமூடி மாட்டி, பிறகு அதைக் கழற்றிக் காட்ட வேண்டிய தேவை இல்லை.